அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார்: அல்சூர் வீடு, குடியாத்தம் நிலம், எனக்கு என்ன பங்கு?

நிறைமதி_அல்சூர்

வணக்கம். மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 2019-இல் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. பெங்களூரு அல்சூரில் ஏரிக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் 20-க்கு 30 அடி சைட் (மனை). 1984-இல் அப்பா தன் பெயரில் வாங்கினார். பி.எஃப். பணத்தை எடுத்துக் கீழ்வீட்டைக் கட்டினார். அந்த வீட்டில்தான் நாங்கள் மூன்று பேரும் வளர்ந்தோம். 2008-இல், அப்பா இருக்கும்போதே, பெரிய அண்ணன் வங்கிக் கடன் வாங்கி மாடி எடுத்தார். இப்போது அம்மாவும் பெரிய அண்ணன் குடும்பமும் மாடியில் இருக்கிறார்கள். கீழே இரண்டு வாடகைக் குடித்தனம். சின்ன அண்ணன் புனேயில். நான் ராமமூர்த்தி நகரில்.

ஊரில், குடியாத்தம் பக்கத்தில், தாத்தா வாங்கிய இரண்டரை ஏக்கர் இருக்கிறது. பெரியப்பா மகன் பயிர் வைக்கிறார்.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். "இ-கத்தா எடுக்கணும், எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், திங்கட்கிழமை சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு வந்துடு" என்றார். (கத்தா என்றால் இங்கே மாநகராட்சிச் சொத்து வரிக் கணக்கு.) பத்திரத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பினார். முழுக்கக் கன்னடம். எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கச் சொன்னேன். தலைப்பைப் படித்ததுமே அவள் என் முகத்தைப் பார்த்தாள். 'ஹக்கு பிடுகடே பத்ரா', அதாவது உரிமை விடுதலைப் பத்திரம் என்று இருக்கிறதாம். நான் எனக்குள்ள பங்குக்கு ஈடாக ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, என் முழு உரிமையையும் அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒரு பணத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. சொத்து அட்டவணையில் ஊர் நிலமும் இருக்கிறது.

கேட்டால் "2003-இல் உனக்கு 25 பவுன் போட்டுக் கல்யாணம் செய்து வைத்தோமே, அது பங்கு இல்லையா" என்கிறார். அம்மா "சண்டை வேண்டாம்மா" என்று மட்டும் சொல்கிறார்.

எனக்கு உண்மையிலேயே பங்கு இருக்கிறதா? கேட்பது தப்பா?

கார்த்திக்_கேஆர்புரம்

அக்கா, திங்கட்கிழமை போகாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம்.

பிரபு_இந்திராநகர்

பெண்களுக்குப் பங்கு வந்ததே 2005 சட்டத்தில்தான், அதுவும் பூர்வீகச் சொத்தில் மட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது அப்பா சம்பாதித்த வீடு. அதோடு, குடியிருக்கும் வீட்டில் ஆண்பிள்ளைகள் பிரிக்கச் சம்மதித்தால்தான் பெண் கேட்க முடியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வக்கீல் சொன்னார். ஊர் நிலத்தில் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம்.

கேஜிரோடு_வக்கீலம்மா

சிட்டி சிவில் கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாகப்பிரிவினை வழக்குகள் நடத்துகிறேன். பிரபு சொன்னதை நம்பிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அதனால் நிதானமாகவே எழுதுகிறேன்.

'பூர்வீகம்' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். பத்திரம் யார் பெயரில், அவருக்கு அது எப்படி வந்தது, இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அல்சூர் வீடு உங்கள் அப்பா தன் பணத்தில் வாங்கியது. உயில் இல்லாமல் இறந்திருக்கிறார். அப்படியானால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. மனைவி, மகன்கள், மகள்கள் எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும். ஆளுக்குச் சமமான பங்கு. உங்கள் வீட்டில் அம்மா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. மகளுக்கு இந்த உரிமை 1956-இலேயே வந்துவிட்டது.

2005 திருத்தம் வேறு விஷயம். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று அது சொன்னது. திருத்தம் அமலுக்கு வந்த அந்த ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் பல வருடம் குழப்பம் இருந்தது. பூலாவதி வழக்கு, தானம்மா வழக்கு என்று நம் கர்நாடகத்திலிருந்து போன இரண்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அப்பா உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று முடித்துவைத்தது. உங்கள் அல்சூர் வீட்டுக்கு அந்த விவாதமே தேவைப்படாது.

குடியிருக்கும் வீடு பற்றிப் பிரபு சொன்னது ஒரு காலத்தில் சரி. பழைய சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்படித்தான் இருந்தது. 2005 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இன்னமும் அதைச் சொல்லிப் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது பத்திரத்துக்கு வருகிறேன். கத்தா என்பது வரி கட்டுவதற்கான கணக்கு, அது உரிமைப் பத்திரம் ஆகாது. அப்பா பெயரிலிருக்கும் கத்தாவை நான்கு வாரிசுகள் பெயருக்கும் மாற்ற இறப்புச் சான்றிதழும், நாடகச்சேரியில் (வருவாய்த் துறை அலுவலகம்) வாங்கும் வம்ச விருட்சமும் (குடும்ப உறுப்பினர் சான்று), அப்பாவின் பத்திரமும், வரி ரசீதும் கேட்பார்கள். அதற்காக நீங்கள் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை. அண்ணன் அனுப்பியது விடுதலைப் பத்திரம். பதிவாகிவிட்டால் உங்கள் கால் பங்கு அவருடையது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று பிறகு வழக்குப் போடலாம்தான். ஆனால் உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில். பதிவு செய்த பத்திரத்தில் உங்கள் கைரேகையும் போட்டோவும் இருக்கும்போது அது எவ்வளவு கடினம் என்று நான் தினமும் பார்க்கிறேன். "கத்தா வேலைக்கு ஒரு பவர் மட்டும் கொடு" என்று, உங்கள் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கேட்பது தப்பா என்றீர்கள். தப்பே இல்லை.

குமரன்_ஸ்ரீராமபுரம்

தங்கச்சி, நான் உன் அண்ணன் இடத்தில் இருப்பவன். அதனால் அந்தப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். டயபர் மாற்றியது நானும் என் மனைவியும். தங்கைகள் இரண்டு பேரும் வருவார்கள், அழுவார்கள், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்த ஆறு வருடத்தில் நான் பிரமோஷனை விட்டேன், வெளியூர் மாற்றலை விட்டேன், பையனை நினைத்த கல்லூரியில் சேர்க்க முடியவில்லை. அப்பா போன பிறகு எல்லாருக்கும் சமம் என்று சட்டம் சொல்லும்போது, எனக்குள் ஒன்று உடைந்துபோனது. வரி கட்டியது யார், ஒழுகிய கூரையை மாற்றியது யார் என்று யாருமே கேட்கவில்லை.

உன் அண்ணன் பணம் கொடுக்காமலே கொடுத்ததாக எழுதியது தப்பு. அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர் மாடி கட்டிய கடனுக்கு எத்தனை வருடம் இ.எம்.ஐ. கட்டினார் என்று நீ ஒரு தடவையாவது அவரிடம் கேட்டாயா?

நிறைமதி_அல்சூர்

குமரன் அண்ணா, கேட்டதில்லை. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பா கடைசி எட்டு மாதம் டயாலிசிஸில் இருந்தபோது அண்ணிதான் வாரம் மூன்று தடவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். அதை நான் மறக்கவில்லை.

எனக்கு வலிப்பது பணம் இல்லை அண்ணா. "அம்மாடி, எனக்கு இவ்வளவு செலவாகியிருக்கு, நீ உன் பங்கை விட்டுக்கொடு" என்று அவர் நேராகக் கேட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் எழுதிக் கொடுத்து 'இ-கத்தாவுக்கு' என்றாரே, அதுதான்.

கேஜிரோடு_வக்கீலம்மா

குமரன் அவர்களே, நீங்கள் சொன்னது நியாயமான வேதனை. சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கமும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பெற்றோரைப் பார்த்துக்கொண்டதற்காகப் பங்கு அதிகமாகாது. பார்த்துக்கொள்ளாததற்காகக் குறையவும் குறையாது. அப்பா நினைத்திருந்தால் உயிலோ செட்டில்மென்டோ எழுதி, பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு அதிகம் கொடுத்திருக்கலாம். தான் சம்பாதித்ததை யாருக்கும் எழுதிவைக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. எழுதாமல் போனால் சமம்தான். கல்யாண நகையும் அப்படித்தான், போட்ட 25 பவுனை வாரிசுப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

ஆனால் சொத்துக்குச் செய்த செலவு வேறு. பொதுச் சொத்துக்கு ஒருவர் கட்டிய வரி, அவசியமான பழுது வேலை, இவற்றில் மற்றவர்கள் தங்கள் பங்குக்கு ஈடுசெய்ய வேண்டும் என்று கேட்கலாம். அதே கணக்கில், கீழ்வீட்டு வாடகையை 2019-லிருந்து ஒருவரே வாங்கியிருந்தால் மற்ற மூவரும் அதற்குக் கணக்குக் கேட்கலாம். எந்தப் பக்கம் பாக்கி நிற்கும் என்பது இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மாடி விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு பலம் இருக்கிறது. மனை அப்பாவுடையது, அதனால் மாடி மட்டும் தனியாக அவர் சொத்தாகிவிடாது. ஆனாலும் பிரிக்கும்போது, ஒரு பங்காளி தன் பணத்தில் கட்டிய பகுதியை முடிந்தவரை அவருக்கே ஒதுக்க நீதிமன்றம் பார்க்கும். கடன் பத்திரம், வங்கி ஸ்டேட்மென்ட், கட்டட பில் இருக்க வேண்டும்.

அப்புறம், 20-க்கு 30 என்றால் 600 சதுர அடி. நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 150. அதில் ஒரு படிக்கட்டுகூடத் தனியாக வைக்க முடியாது. இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டம் இருக்கிறது. பிரிக்க முடியாத சொத்தை, பாதிப் பங்காவது வைத்திருப்பவர்கள் கேட்டால், விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அப்போது மற்ற பங்காளி "நான் மதிப்பீட்டு விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்" என்று முன்வரலாம். நீங்கள் தனியாகக் கால் பங்கை வைத்துக்கொண்டு விற்கச் சொல்ல முடியாது. சின்ன அண்ணனோ அம்மாவோ உங்களோடு நிற்க வேண்டும். அதற்காகத்தான் சின்ன அண்ணனிடம் இன்றைக்கே பேசுங்கள் என்கிறேன். அவருக்கும் இதே நகல் போயிருக்கும்.

ஆரோக்கியமேரி_காக்ஸ்டவுன்

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இதே கணக்குதானா?

கேஜிரோடு_வக்கீலம்மா

இல்லை மேரி. உங்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மகன், மகள் வித்தியாசம் கிடையாது. பிறப்பால் வரும் கூட்டுக் குடும்ப உரிமை என்ற பேச்சும் கிடையாது.

பழையமெட்ராஸ்ரோடு

கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் கதையையும் கேட்டுவிடுங்கள்.

என் மாமனார் வீட்டு வழக்கு. நான்கு பிள்ளைகள், ஒரு வீடு. கேஸ் போட்டபோது என் மகள் யு.கே.ஜி. இப்போது பி.இ. முடித்துவிட்டாள். முதல் நிலைத் தீர்ப்பு வர ஏழு வருடம். 'ஆளுக்குக் கால் பங்கு' என்று அதில் எழுதியிருந்தது. வாசலில் ஒருவருக்கொருவர் லட்டு ஊட்டினோம். அப்புறம்தான் வக்கீல் சொன்னார், இது யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் தீர்ப்பு, எந்தச் சுவர் யாருடையது என்று சொல்ல இறுதித் தீர்ப்பு வர வேண்டும், அதற்குத் தனி மனு, தனி நம்பர், கமிஷனர், அளவை, ஆட்சேபணை என்று. அதற்குள் மூத்தவர் இறந்தார். அவர் வாரிசுகளைச் சேர்க்க ஒரு வருடம். அவர்களில் ஒருவர் துபாயில், நோட்டீஸ் போய்ச் சேர எட்டு மாதம். மாமியார் கடைசி வரைக்கும் ஒரு நாள்கூட நான்கு பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. அவர் காரியத்துக்கே இரண்டு இடத்தில் சமைத்தோம்.

நிறைமதி, உங்கள் பங்கை விடுங்கள் என்று சொல்லவில்லை. அம்மா இருக்கும்போதே முடியுங்கள் என்கிறேன்.

கேஜிரோடு_வக்கீலம்மா

இது எங்கள் தொழிலின் குறையும்தான், ஒப்புக்கொள்கிறேன். 2022-இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம், முதல் நிலைத் தீர்ப்போடு கோப்பைக் கட்டிவைக்காமல், யாரும் தனி மனுப் போடக் காத்திராமல், அதே வழக்கிலேயே இறுதித் தீர்ப்பு வரை கொண்டுபோக வேண்டும் என்று எல்லா விசாரணை நீதிமன்றங்களுக்கும் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் மாறிக்கொண்டிருக்கிறது.

செலவைக் கண்டு பயப்பட வேண்டாம். கர்நாடகத்தில், கூட்டாக அனுபவத்தில் இருக்கிறேன் என்று சொல்லிப் பாகம் கேட்டால் நீதிமன்றக் கட்டணம் 200 ரூபாய்தான். உங்களை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால்தான் பங்கின் சந்தை மதிப்பின் மேல் கட்டணம். வழக்குப் போட்ட பிறகும் சமரசத்துக்கு வழி இருக்கிறது. பெங்களூரு மத்தியஸ்த மையம் 2007-லிருந்து நடக்கிறது, நியாய தேகுலா கட்டடத்தில். அங்கே ஒரு மேசையைச் சுற்றி அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து, முதல் ஒரு மணி நேரம் பழைய கதையைப் பேசி அழுது, அப்புறம் கணக்குக்கு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்சிக்காரர்களுக்குக் கட்டணம் இல்லை.

குடியாத்தம்பையன்_வைட்ஃபீல்ட்

அக்கா, நான் குடியாத்தத்துக்காரன்தான். வீட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நிலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. என் சித்தப்பா பத்திர எழுத்தர், சின்ன வயதிலிருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

தாத்தா எப்படி வாங்கினார்? கிரயப் பத்திரம் இருக்கிறதா? இப்போது பட்டா யார் பெயரில் இருக்கிறது? 1980-களில் யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) நடந்தபோது, வயலில் யார் நின்றார்களோ அவர்கள் பெயரை ஏற்றிவிட்டுப் போன கதை எங்கள் பக்கத்தில் ஏராளம். பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் சொத்து அவருடையது ஆகிவிடாது. சார்பதிவகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பெரியப்பா மகன் ஏற்கனவே எதையாவது யாருக்காவது எழுதிக் கொடுத்திருந்தால் தெரிந்துவிடும். அடமானமும் தெரியும்.

இன்னொன்று, இதைக் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அக்கா தங்கை யாராவது உண்டா?

நிறைமதி_அல்சூர்

கிரயப் பத்திரம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது தம்பி, 1958. தாத்தா 1971-இல் இறந்தார், பாட்டி 1990-இல். பட்டா பெரியப்பா பெயரும் அப்பா பெயரும் சேர்த்து. பெரியப்பாவும் போய்விட்டார்.

அத்தை ஒருவர் இருக்கிறார், ஆம்பூரில். எழுபத்து நான்கு வயது. ஆனால் அத்தைக்கு அந்தக் காலத்திலேயே நகை, பாத்திரம், கறவை மாடு எல்லாம் கொடுத்துத்தான் கட்டிக் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். அவர் ஒருநாளும் நிலத்தைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

ராஜி_ஓசூர்

நிறைமதிம்மா, நான் உன்னைவிடப் பெரியவள், அறுபத்தெட்டு ஆகிறது. உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ இப்போது அத்தையைப் பற்றி எழுதியதையும், உன் அண்ணன் உன்னைப் பற்றிச் சொன்னதாக முதலில் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாரம்மா.

என் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததால் எனக்கு வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்துகொண்டார்கள். வேண்டாம் என்று இல்லை, கேட்டால் தாய்வீட்டுக் கதவு சாத்திவிடுமோ என்ற பயம்தான். தீபாவளிக்கு வரும் ஒரு புடவைக்காக நாற்பது வருடம் வாய் மூடி இருந்தேன்.

குடியாத்தம்பையன்_வைட்ஃபீல்ட்

ராஜி அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கணக்கை மட்டும் போட்டுவிடுகிறேன், தப்பிருந்தால் வக்கீலம்மா திருத்துங்கள்.

தாத்தா தானே வாங்கியது, 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்திருக்கிறார். ஆகவே பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை நான்கு பேருக்கும் கால் பங்கு. பாட்டி 1990-இல் இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆக மூவருக்கும் மூன்றில் ஒன்று. அப்பாவின் அந்த மூன்றில் ஒன்று, உங்கள் அம்மா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நான்காகும். உங்களுக்குப் பன்னிரண்டில் ஒன்று. இரண்டரை ஏக்கரில் ஏறக்குறைய 21 சென்ட். அத்தைக்கு 83 சென்ட்.

கேஜிரோடு_வக்கீலம்மா

கணக்கு சரி, தாத்தாவும் பாட்டியும் உயில் எழுதவில்லை என்றால்.

பெரியப்பா மகன் "முப்பது வருடமாக நான்தான் உழுகிறேன், அதனால் என்னுடையது" என்று சொல்லக்கூடும். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவிப்பது எல்லாருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "உனக்கு இதில் பங்கே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லி, மற்றவர் அதை அறிந்திருந்து, அதற்குப் பிறகு 12 வருடம் சும்மா இருந்தால்தான் சிக்கல். அதனால், யாராவது அப்படி மறுத்த நாளிலிருந்து காலத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

நிலத்துக்குப் பங்காளிகள் வேறு, வீட்டுக்குப் பங்காளிகள் வேறு. ஆகவே இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். வீடு இங்கே, நிலம் வேலூர் மாவட்டத்து நீதிமன்றத்தில். அத்தை வழக்குப் போடுவதானால் செலவுக்கு அஞ்ச வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. அங்குள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும்.

நிறைமதி_அல்சூர்

ராஜி அம்மா, கோபமெல்லாம் இல்லை. இப்போது எதுவும் எழுத வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் போகிறேன்.

நிறைமதி_அல்சூர் (ஆறு வாரம் கழித்து)

பலர் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

முதலில் வீடு. சின்ன அண்ணனுக்கும் அதே பத்திரம் போயிருந்தது. அவரும் கன்னடம் படிக்கத் தெரியாதவர், கையெழுத்துப் போடுவதாகவே இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து பெரிய அண்ணனிடம் போனோம். முதல் நாள் கத்தல்தான். அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குமரன் அண்ணா, நீங்கள் எழுதியது நினைவில் இருந்ததால் ஒன்று மட்டும் கேட்டேன்: "மாடிக்கு எவ்வளவு கட்டினே அண்ணா?" அவர் பேசாமல் எழுந்து போய் ஒரு பச்சை ஃபைலைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருட வங்கிச் சீட்டு, அடுக்கி வைத்திருந்தார். யாருமே அதைக் கேட்டதில்லையாம். அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாக ஆனது.

எங்கள் வக்கீல் முன்னால் உட்கார்ந்து இப்படி முடித்திருக்கிறோம். மாடியின் கட்டட மதிப்பு அண்ணனுடையது என்று தனியாக எடுத்துவிட்டோம். மனைக்கும் கீழ்வீட்டுக்கும் வங்கி மதிப்பீட்டாளர் ஒருவர் விலை போட்டார். எங்கள் இரண்டு பேரின் கால் பங்குகளை அந்த விலைக்கு அண்ணனே வாங்கிக்கொள்கிறார், பாதி இப்போது, பாதி ஒன்றரை வருடத்தில். வாடகைக் கணக்கையும் வரி, பழுதுச் செலவுக் கணக்கையும் எதிரெதிரே வைத்துக் கழித்துவிட்டோம். அம்மாவின் கால் பங்கு அம்மா பெயரிலேயே இருக்கும், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. கீழ்வீட்டு வாடகை இனி நேராக அம்மா கணக்குக்குப் போகிறது. அம்மா முதல் மாத வாடகையில் தனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டார்.

நான் கையெழுத்துப் போடப்போவது மறுபடியும் ஒரு விடுதலைப் பத்திரத்தில்தான். அல்சூர் வீடு மட்டும் அதில் இருக்கிறது, ஊர் நிலம் இல்லை. பணம் வந்த காசோலை எண் இருக்கிறது, பாக்கித் தொகை எப்போது என்று இருக்கிறது. வக்கீல் வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆம்பூர். அத்தையிடம் 1958 பத்திரத்தின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எனக்கு எண்பது சென்டா?" என்று மூன்று தடவை கேட்டார். பணமா, நிலமா, என்ன வேண்டும் அத்தை என்றேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம், எங்கப்பா பேருக்குக் கீழ என் பேரு அந்தத் தாளுல வரணும்" என்றார். பெரியப்பா மகன் மறுக்கிறார். "அத்தைக்கு எதுவும் கிடையாது" என்று ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் முன்னால் சொன்னார். வக்கீலம்மா சொன்னபடி அந்தத் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அத்தை பெயரில் நோட்டீஸ் போயிருக்கிறது. நானும் அண்ணன்கள் இருவரும் அத்தை பக்கம் நிற்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், பெரிய அண்ணனும்தான்.

தம்பி, பட்டாவில் அத்தை பெயரைச் சேர்க்க இப்போதே மனு கொடுக்கலாமா, இல்லை வழக்கு முடிய வேண்டுமா?

குடியாத்தம்பையன்_வைட்ஃபீல்ட்

இப்போதே கொடுங்கள் அக்கா. தாத்தா, பாட்டி இருவரின் இறப்புச் சான்றிதழும், அவர்களுக்கு வாரிசுச் சான்றிதழும் முதலில் வேண்டும். 1971 இறப்புப் பதிவு கிடைக்கவில்லை என்றால் அதற்கே தனியாக அலைய வேண்டியிருக்கும், அதனால் அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். பெரியப்பா மகன் ஆட்சேபணை கொடுத்தால் தாசில்தார் "நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுவார். பரவாயில்லை, அந்தக் கடிதமும் வழக்கில் உதவும்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊரில்தான் இருப்பேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், சித்தப்பாவை வைத்து மனுவை எழுதிவிடலாம். பத்திர நகல் மூன்று காப்பி எடுத்து வாருங்கள்.